பிள்ளையைப் பிரிக்க வந்ததல்ல பன்முக நுண்மதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்சக் காலமாக எங்கள் பக்கத்தில் ‘பன்முக நுண்மதி’ என்ற சொல் நன்றாக அடிபடுகிறது. ஒருவருக்கு இருப்பது ஒரே நுண்மதி அல்ல, பல வகை நுண்மதிகள் என்பதுதான் அதன் கருத்து. ஆசிரியர் செமினாரில் சொல்கிறார்கள், பெற்றார் கூட்டத்தில் சொல்கிறார்கள், முன்பள்ளி வாசலில் கட்டியிருக்கிற பனரில்கூடக் கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கோட்பாடு அது. ஆனபடியால்தான் அது பாடசாலைக்குள் வந்து சேருகிற விதத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 18 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லாவிட்டால் வெட்டுங்கள், ஆனால் கிணறு பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போன வருடம் இரண்டாம் தவணை தொடங்கி ஒரு கிழமை இருக்கும். தரம் 9 மாணவன் ஒருவனின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். கையில் கலர் பிரிண்ட் அடித்த ஒரு பைல். பிள்ளையின் பத்து விரலையும் ஸ்கான் பண்ணி, அதிலிருந்து எந்த நுண்மதி எத்தனை வீதம் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த காசு அந்த வீட்டின் இரண்டு கிழமைச் சாப்பாட்டுச் செலவு. "ரீச்சர், இவனுக்குச் சங்கீத மூளைதான் கூடவாம், கணக்கு மூளை குறைவாம். அதுதான் இவ்வளவு நாளும் ஓடேல்லைப் போல கிடக்கு. இனிக் கணக்கை விட்டிட்டு மற்றப் பாடங்களைப் பார்க்கச் சொல்லட்டோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஒருவித நிம்மதியோடு கேட்டார். பொடியன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாயைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை ஏன் கணக்கில் 28 எடுக்கிறான் என்று நாங்கள் யாரும் அவருக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை, கலர் பைலோடு வந்தவர்கள் ஏதோ ஒரு காரணமாவது சொன்னார்கள். ஆனால் அந்தப் பைலில் இருந்தது பன்முக நுண்மதிக் கோட்பாடே இல்லை. விரல் ரேகைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கோட்பாட்டைச் சொன்னவர் ஹவாட் கார்ட்னர், அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்து உளவியலாளர். ஒருபக்கம் பிள்ளைகள் எப்படி வரையவும் பாடவும் கதை சொல்லவும் பழகுகிறார்கள் என்று பார்த்தவர், மறுபக்கம் பொஸ்ரனில் மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளோடு வேலை செய்தவர். மூளையின் ஓரிடம் பழுதானால் ஒரு திறமை போய்விடுகிறது, இன்னொன்று அப்படியே நிற்கிறது என்பதை நேரில் கண்டவர். நுண்மதி என்பது ஒற்றைப் பொருள், ஒரு சோதனை வைத்து ஒரு எண்ணாகச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை அவர் ஏற்காமல் 1983இல் ஒரு நூல் எழுதினார். மொழி, தர்க்கமும் கணிதமும், இடம்சார்ந்தது, இசை, உடலியக்கம், பிறரை விளங்கிக்கொள்வது, தன்னை விளங்கிக்கொள்வது என்று ஏழைச் சொன்னார், பிறகு 1990களில் இயற்கையை இனங்காணுவதை எட்டாவதாகச் சேர்த்தார். எல்லாருக்கும் எட்டும் இருக்கின்றன, அளவும் கலவையும்தான் ஆளுக்கு ஆள் வேறு.

உளவியல் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1904இலேயே பிரித்தானிய உளவியலாளர் ஸ்பியர்மன் காட்டியதுபோல, ஒரு வகைச் சோதனையில் கூடப் புள்ளி எடுப்பவர் மற்றச் சோதனைகளிலும் ஓரளவு கூட எடுப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது, எட்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே நிற்கின்றன என்பதற்கு உறுதியான சான்று போதாது என்கிறார்கள். அது அவர்களுடைய வழக்கு, அங்கே நடக்கட்டும். கலைத்திட்டம் எழுதுகிறவருக்கும் வகுப்பில் நிற்கிறவருக்கும் அதைவிட அவசரமான கேள்வி, இந்தக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது என்பது. அங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. இவன் பார்த்துப் படிக்கிறவன், அவள் கேட்டுப் படிக்கிறவள், மற்றவன் தொட்டுப் படிக்கிறவன் என்று வகுப்பைக் கூறுபோடுவதும் பன்முக நுண்மதியும் ஒன்றுதான் என்று செமினாரில் படிப்பிக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று 2013இல் கார்ட்னரே வெளிப்படையாக எழுதிவிட்டார். பிள்ளையின் கற்கும் பாணிக்கேற்பப் படிப்பித்தால் கூட விளங்கும் என்பதற்குச் சான்று கிடைக்கிறதா என்று 2008இல் நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள், பள்ளிக்கூடங்களில் அதைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள். ஆனாலும் தரம் 6 பிள்ளைகளுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, கூட்டிப் பார்த்து, கொப்பியின் முதற்பக்கத்தில் ‘நான் இசை நுண்மதி’ என்று எழுத வைக்கிற வேலை நடக்கிறது. 11 வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பொடியனிடம் திரும்ப வருகிறேன். அவன் தவில்காரக் குடும்பம். தாயார் வந்து போன கிழமைதான் பொது மடங்குகளுட் சிறியதை மீட்டல் செய்ய வேண்டியிருந்தது, கீழ் வகுப்பிலேயே படித்த விடயம், அரைவாசிப் பேருக்கு மறந்துவிட்டிருந்தது. வழமையாக நான் கரும்பலகையில் முதன்மைக் காரணிகளை எழுதித்தான் தொடங்குவேன். அன்றைக்கு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தை ஆதிதாளம் போடச் சொன்னேன், எட்டு எண்ணிக்கை. மற்றப் பக்கம் அதே வேகத்தில் ‘தகிட’ சொல்ல வேண்டும், மூன்று எண்ணிக்கை. இரண்டு பக்கமும் ஒன்றாக முதலெழுத்தில் வந்து விழுவது எப்போது? மூன்று ஆவர்த்தனம் கழித்து, 24இல். சரி, இனி ‘தகதகிட’, ஐந்து. 40இல் விழுந்தது. அப்போது ஒரு பிள்ளை சொல்லிவிட்டது, "பெருக்கினால் சரி ரீச்சர்." நான் ஒன்றும் சொல்லாமல், இனி ஆறு எண்ணிக்கை போடுங்கள், எங்கே விழும் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். முழு வகுப்பும் 48 என்றது. அவன் மட்டும் பின் வாங்கிலிருந்து, "இல்லை ரீச்சர், அது முன்னமே வந்திடும்," என்றான். கையால் மேசையில் தட்டிக்கொண்டே சொன்னான். போட்டுப் பார்த்தோம், 24இல் வந்துவிட்டது. ஏன் முன்னமே வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஆறுக்குள்ளயும் எட்டுக்குள்ளயும் ரெண்டு இருக்கு, அதை ரெண்டு தரம் எண்ணத் தேவையில்லை," என்றான். முதன்மைக் காரணி முறை முழுதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

இதை வைத்து அவன் இசை மாணவன், அவனுக்கு இசையால்தான் கணக்கு ஏறும் என்று சொன்னால் நானும் அந்தப் பைல்காரரும் ஒன்றுதான். அன்றைக்குக் கைதட்டியது 37 பேரும். அதில் ஐந்தாறு பேருக்குத் தட்டலால் ஒன்றும் விளங்கவில்லை, எட்டு சென்ரிமீற்றரிலும் ஆறு சென்ரிமீற்றரிலும் வெட்டிய கடதாசிக் கீலங்களை இரண்டு வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கீலத்தில் விளங்கிய ஒரு பிள்ளை நல்லாகச் சங்கீதம் பாடும் பிள்ளை. தவில்காரப் பொடியனும் பிறகு கடதாசியில் எழுதிச் செய்யத்தான் வேண்டியிருந்தது, எழுத்தில் தடக்குப்பட்டான், இரண்டு நாள் இருத்திச் செய்வித்தேன். ஒரே விடயத்துக்குள் போக வழி ஒன்றுக்கு மேல் இருந்ததுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். ஒரு வழியால் போனவர்கள் மற்ற வழியையும் பார்த்தார்கள், அதனால் விளக்கம் இறுகியது. கார்ட்னர் கல்விக்குச் சொல்வது சுருக்கமாக இரண்டு விடயம்தான். ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்து வையுங்கள், முக்கியமான கருத்துகளைப் பல வழியால் படிப்பியுங்கள். எங்கள் ஊரில் முதலாவதை முத்திரை குத்துவதாக்கி விட்டோம், இரண்டாவதை மறந்தே போனோம். வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போட்டுப் பாடினால் இசை நுண்மதி வந்துவிட்டது என்று கை கழுவுகிறோம். மெட்டு மனனத்துக்கு உதவும், ஆனால் ஏழெட்டு ஏன் 56 என்பதை அது சொல்லாது. தாளத்துக்குள் கணக்கு நிசமாகவே இருந்தது, அதனால்தான் அன்றைக்கு அது வேலை செய்தது.

இனிக் கலைத்திட்டத்துக்கு வருகிறேன். ஒரு ஆசிரியை ஒரு நாள் கைதட்டிப் படிப்பித்தால் அது கலைத்திட்டம் ஆகாது. எங்கள் இடைநிலை வகுப்பில் ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், மணி அடித்தால் பாடம் மாறும். பக்கத்து வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் என்ன படிப்பிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த அமைப்புக்குள் வைத்துத்தான் எங்கள் கிணற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிணற்றை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆறு இல்லாத குடாநாடு, வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது, நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீரை. ஆனால் பாடப் புத்தகத்தில் கிணறு துண்டு துண்டாகக் கிடக்கிறது. உருளையின் கனவளவு கணிதத்தில், வன்னீர் விஞ்ஞானத்தில், நெம்பு வேறொரு தரத்தில், தரைக்கீழ் நீர் புவியியலில், அதுவும் அந்தப் பாடத்தை எடுத்த பிள்ளைக்கு மட்டும். கேத்தலுக்குள் படிகிற வெள்ளைப் படையும் வன்னீரும் ஒன்று என்று தெரியாமலே சாதாரண தரம் எழுதி முடிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதையே இரண்டு கிழமை அலகு ஒன்றாக வைத்துப் பாருங்கள், தரம் 9இல். கதையால் ஒரு வாசல்: வீட்டில் உள்ள வயதானவரிடம் போய்த் துலா, அதாவது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீள மரம், மிதித்த கதையைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட, மூன்று பேரின் வேலையும் ஒரு தாளத்தில் போனால்தான் தோட்டம் நனையும். அதே கதை பொறியியலும்தான். துலா மிதிக்கிறவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும், பின்பக்கம் நடந்தால் எழும், துலாவைத் தாங்குகிற ஆடுகால்தான் பொறுதி. ஆறடித் தடி ஒன்றும் இரண்டு செங்கல்லும் ஒரு வாளியும் இருந்தால் முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். எங்கே நின்றால் பாரம் லேசாகிறது என்று உடம்பால் அறிந்த பிள்ளைக்கு விசையின் திருப்பத்துக்குரிய சமன்பாட்டைப் பிறகு எழுதிக் காட்டுவது எவ்வளவு சுகம். நாங்கள் சமன்பாட்டில் தொடங்கி சமன்பாட்டிலேயே முடிக்கிறோம்.

எண்ணால் ஒரு வாசலும் இருக்கிறது, எனக்கு அதுதான் ஆசை. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகையால் நிலத்துக்குக் கீழே உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பொதுவாகப் பாவிக்கிற கணக்கு. அப்படியென்றால் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால் கீழே என்ன ஆகும்? தரம் 9 பிள்ளை விகிதசமன் போட்டு 20 அடி என்று சொல்லிவிடும், சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும், ஏனென்றால் அது தன் வீட்டு மோட்டரைப் பற்றிய கணக்கு. மேலே நன்னீரும் கீழே உப்பு நீருமாக நிற்கிற நிலாவரைக் கிணறு எத்தனை பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடுகிற தூரம்! வெங்காயத்துக்குப் போடுகிற பசளையின் நைத்திரேற்று கிணற்றில் இறங்குவதைச் சொல்ல விஞ்ஞான ஆசிரியர் வர வேண்டும், ஒரே கிணற்றைப் பங்காகப் பாவிக்கிற வீடுகள் முறை வைத்து இறைப்பதில் வருகிற பிணக்கை நடித்துப் பார்க்க நாடக ஆசிரியர் வர வேண்டும். இந்த மண்ணில் நாடகத்தைப் படிப்பிக்கும் கருவியாக்கப் பாடுபட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இலேயே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். அந்த வழி எங்களுக்குப் புதிதில்லை, நாங்கள்தான் அதைத் தமிழ்த்தினப் போட்டியோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படி எங்கும் செய்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் எட்டு ஆசிரியர்கள் சேர்ந்து கார்ட்னரின் நூலை வாசித்துவிட்டு, 1987இல் ஒரு அரச பாடசாலையாகவே தொடங்கினார்கள். பிள்ளைகள் ஒரு கருப்பொருளை எடுத்துச் செயற்றிட்டம் செய்வார்கள், அதை வகுப்பின் முன் விளக்குவதை வீடியோவில் பதிந்து வருடா வருடம் வைத்திருப்பார்கள், இசைக்கும் உடற்பயிற்சிக்கும் கணிதத்துக்கு உள்ள இடமே இருந்தது. பல வருடம் நடந்தது, பிறகு மூடப்பட்டது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்கச் சொல்லவில்லை. குறைந்த தலைப்பை ஆழமாகப் படிப்பித்தார்கள், அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கார்ட்னரும் 1999இல் எழுதியபோது கூர்ப்பு, மொசாட்டின் ஓர் இசைநாடகம், யூத இனப்படுகொலை என்று மூன்றே மூன்று தலைப்பை எடுத்துத்தான் ஆழமாகப் படிப்பிப்பது எப்படி என்று காட்டினார்.

எங்கள் நாட்டிலும் முயன்றார்கள். 1972 சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன, அந்தந்த ஊர்த் தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது நோக்கம். என் தகப்பனார் அந்தக் காலத்துப் பிள்ளை, பனையோலை வேலை படித்தவர், ஓலையைச் சரியாக வகிர்ந்து பின்னிய பெட்டி ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அவரே சொல்வார், ‘எங்கட பிள்ளையளைப் பெட்டி பின்ன விட்டிட்டுக் கொழும்புப் பிள்ளையளை டொக்டர் ஆக்கப் போகினம்’ என்று ஊரில் பெற்றார் கதைத்தார்கள் என்று. 1977இல் ஆட்சி மாறியதோடு அது போய்விட்டது. அந்தப் பெற்றாரின் பயம் நியாயமானதுதான். கைவேலையை ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கும் கணிதத்தை மற்றப் பகுதிக்கும் என்று பிரித்தால் யாரும் அப்படித்தான் பயப்படுவார்கள். பனையோலையில் பின்னல் கோலமும் சமச்சீரும் எல்லாப் பிள்ளைக்கும் கணிதமாக வந்திருந்தால் கதை வேறு. பன்முக நுண்மதியையும் அதே பிழைக்குள் தள்ளிவிடுவோமோ என்றுதான் பயப்படுகிறேன், ‘படிப்பு ஓடாத’ பிள்ளைக்கு ஒரு மரியாதையான பெயர் கொடுத்து ஒதுக்கிவிடுகிற வழியாக.

பரீட்சையைத் தொடாமல் இதெல்லாம் சும்மா கதை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். சாதாரண தரத்தில் ஒன்பது பாடம், பெரும்பாலானவை வாசித்து எழுதுகிற வினாத்தாள். தரம் 11 வந்தவுடன் சங்கீத, சித்திர, உடற்கல்விப் பாடவேளைகள் பாஸ்பேப்பர் செய்வதற்கு எடுக்கப்படுகின்றன. நானும் எடுத்திருக்கிறேன், அந்த ஆசிரியை முகத்தைப் பார்க்காமல் நின்று கேட்டு வாங்கியிருக்கிறேன், இப்போது அதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று வருடக்கணக்காக இருக்கிறது, செயற்றிட்டமும் கண்காட்சியும் அதற்குள் அடங்கும், ஆனால் பிள்ளையின் சாதாரண தரச் சித்தியை அது அசைப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆதலால் படிவம் நிரப்புவதோடு முடிகிறது. செயலில் காட்டுவதற்குப் புள்ளி போட முடியாது என்றும் சொல்ல முடியாது. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இதே பரீட்சைத் திணைக்களம் செயன்முறைப் பரீட்சை வைத்துப் புள்ளி போடுகிறது. பாடுகிற பிள்ளைக்கு முன்னால் இருந்து புள்ளியிட இரண்டு பரீட்சகரை அனுப்ப முடியுமென்றால், துலா மாதிரியை வைத்துக்கொண்டு திருப்பத்தை விளக்குகிற பிள்ளைக்கும் புள்ளியிட வழி காணலாம். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நூற்றுக்கு 20 புள்ளியாவது அப்படி வரட்டும். அது கணக்கில் சேர்கிறது என்று தெரிந்த அன்றைக்கே ரியூட்டரிகள்கூடச் செயற்றிட்டம் செய்விக்கத் தொடங்கிவிடும்.

புதிய கல்விச் சீர்திருத்தத்தில் பாடத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்துப் படிப்பிக்கிற மொடியுல் முறை வருகிறது என்று இவ்வளவு காலமும் கேள்விப்பட்டுக்கொண்டிருக்கிறோம். எழுதுவது மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகம். அங்கே இருந்துகொண்டு துலாவையும் நிலாவரையையும் எழுத வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை, அம்பாந்தோட்டைப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை, அந்தப் பிள்ளைக்குக் குளம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தரத்திலும் தவணைக்கு ஒரு அலகை வெறுமையாக விடுங்கள். என்ன கருத்து விளங்க வேண்டும் என்பதை மட்டும் மஹரகம எழுதட்டும், எந்தப் பொருளை வைத்து எந்த வழிகளால் என்பதை வலயம் எழுதட்டும். யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயம் இருக்கிறது. வடமராட்சிக் கரையில் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுகளைப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், பருவக்காற்று வினாவுக்கு விடை எழுதத் தெரியாமல் பூச்சியம் வாங்குகிறார்கள். தீவகத்தில் ஆசிரியர் தட்டுப்பாடு, ஒருவரே மூன்று பாடம் எடுக்கிறார். ஒருங்கிணைந்த அலகு அவருக்குச் சுமையைக் கூட்டாமல் குறைக்கவும் கூடும், மூன்று பாடமும் அவர் கையிலேயே இருப்பதால். ஆசிரிய ஆலோசகர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது, கணக்கை விட வேண்டாம், பைலை அலுமாரிக்குள் வையுங்கள், மாதம் ஒருக்கால் வந்து என்னோடு கதையுங்கள் என்று. வந்தார். பொடியன் மூன்றாம் தவணையில் 46 எடுத்தான். இன்னும் கனக்க வேலை இருக்கிறது, அட்சரகணிதம் அவனுக்குக் கரைச்சல்.

கிணறு அலகை நானும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம், 14 பாடவேளைக்கு. தமிழ்ப் பாடத்துக்கும் நாடகத்துக்கும் உரிய பகுதி இன்னும் மெல்லிசாகத்தான் இருக்கிறது, அந்தப் பாட ஆசிரியர்கள் யாராவது சேர்ந்தால் நல்லது. விரும்புகிறவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதினால் பிரதி அனுப்பி வைக்கிறேன். உங்கள் அனுமதி இருக்கும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
வலிகாமம்.